குடிலுக்குள் நின்ற பாரசீகப் படை

தம்பி, உன் படை பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. முழு உண்மையை ஃபோனில் சொல்லலாம் என்றால், நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உன் அம்மா ஃபோனை வாங்கி "சாப்ட்டியா" என்று ஆரம்பித்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே யோசிக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நீ வீட்டுக்கு வருவதற்கு முன் படித்துவிடு. வந்த பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து இதையெல்லாம் நான் பேச மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் நீ அனுப்பிய செய்தியை நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்த்தேன். "அப்பா, பெங்களூர்ல ஒருத்தர் பெர்ஷியன் ஆர்மி மொத்தத்தையும் கேக்கிறார். ஜெர்மனிக்கு என்னால தூக்கிட்டுப் போக முடியாது. பேக் பண்ணி வைங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கிறேன்." கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அந்த நேரத்தில் உன் படை கண்ணாடி அலமாரியில் இல்லை. கூடத்தில், நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்குள், கேழ்வரகு முளைகளுக்கு நடுவில் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தது.

இந்தக் கடிதத்தை என்றாவது உனக்கு வரப்போகிற பெண்டாட்டியோ பிள்ளையோ எடுத்துப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். படை என்றால் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் ஆட்கள். பழங்காலப் பாரசீகத்துக் காலாட்கள். முன்வரிசையில் ஆள் உயரப் பிரம்புக் கேடயத்தைத் தரையில் ஊன்றி மறைத்து நிற்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள். சாம்பல் நிறத்தில் துண்டுதுண்டாக வரும் அவர்களை வெட்டி, ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் வர்ணம் பூசி, சின்னச் சின்னப் பலகைகளில் நாலைந்து பேராக நிறுத்தி, பலகையின் மேல் மண்ணும் புல்லும் ஒட்டி, பிறகு மேசையில் எதிரும் புதிருமாக வைத்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து சண்டை போட வேண்டும். படித்து வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குடில். போன வருஷம் ஒட்டடை அடிக்கும்போது குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவர் விழுந்து கழுத்து போய்விட்டார். இந்த டிசம்பரில் பெட்டியைத் திறந்ததும் உன் அம்மா, "ரெண்டு ராஜாவ மட்டும் வச்சா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கவலைப்பட்டாள். கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்றால் பாரசீகப் பக்கம்தான் என்று பங்குக் கோயிலில் யாரோ எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நம் வீட்டிலேயே ஒரு படை சும்மா நிற்கிறதே என்று தோன்றியது. பழுப்புக் காகிதத்தைக் கசக்கி நான் செய்திருந்த குன்றின் மேல், பின்பக்கமாக, உன் ஆட்களை வரிசையாக இறக்கினேன். இரண்டு ராஜாக்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், மூன்றாமவர் படையோடு இன்னும் வந்துகொண்டிருக்கிறார், தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறார் என்று உன் அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கேரல் பாட வந்த கூட்டத்தில் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா அக்கா மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, ராஜா கூட வந்த ஆளுங்கன்றீங்க, குழந்தையப் பாத்து வில்ல இழுத்துக்கினு நிக்கிறானுங்க?" என்றார். அன்றைக்கே எல்லாரையும் வேறு பக்கம் திருப்பி வைத்தேன்.

நான் கவனிக்க வேண்டியது வேறொன்று, அது தோன்றவில்லை. குன்றின் சரிவிலும் சேர்த்துக் குடிலில் புல்லுக்காகக் கேழ்வரகு விதைப்பது நம் வழக்கம். அதற்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இஸ்திரிக்கு வைத்திருக்கும் பாட்டிலால் காலையில் நான் தெளித்தேன். நான் மறந்துவிடுவேன் என்று சாயங்காலம் உன் அம்மாவும் தெளித்திருக்கிறாள். உன் ஆட்கள் நிற்கும் பலகையோ மரத்தூளை அழுத்திச் செய்தது, தண்ணீர் குடித்தால் ரஸ்க் மாதிரி உப்பும். மண்ணை ஒட்டியிருந்தது வெள்ளைப் பசை, அதுவும் ஈரத்துக்கு இளகும். உன் செய்தியைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் முதல் பலகையைத் தூக்கினால், மண் மொத்தமும் தோல் மாதிரி கையோடு வந்தது. பலகை அப்பளமாக வளைந்திருந்தது. ஒருவனுடைய பாதத்தைச் சுற்றிப் பூஞ்சை. மறைமலை நகரில் கார் பாகங்களுக்கு வர்ணம் அடிக்கும் இடத்தில் வாழ்நாளெல்லாம் ஈரத்தை விரட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க உன் அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் நீ கோபப்படுவாய் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் படை நமக்கு என்னவாக இருந்தது என்று நீ மறந்திருக்கலாம், அல்லது உனக்கு அது வேறொன்றாக இருந்திருக்கலாம். எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் என் மேலாளரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு நீ வந்த வருஷத்தை நினைத்துப் பார். விட்டதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி எங்கேயோ போய்விட்டு வந்தாய். எனக்கு ஆலைக்குள்தான் தெரிந்தது, அதுவும் வேறொருவர் வாயால். அதற்குப் பிறகு நாம் இருவரும் பேசவில்லை. ஒரே சாம்பாரைத் தனித்தனி நேரத்தில் சாப்பிட்டோம். "அவன கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லு" என்று நான் அம்மாவிடம் சொல்வேன், நீ அடுத்த அறையில் இருப்பாய். "பண்ணியாச்சுன்னு சொல்லும்மா" என்று நீ அங்கிருந்தே சொல்வாய். வேறு வேலை தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் மேடவாக்கத்து நண்பன் இந்த விளையாட்டை உனக்குக் காட்டினான். வேலை இல்லாதவன் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிறான் என்று உன் காதில் விழும்படி நானும் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தேன். அட்டைப் பெட்டியின் மேல் ஆட்களை நிறுத்தி நீ பிரைமர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தாய். வர்ணம் ஒட்டுவதற்காக அடிக்கும் அந்த முதல் பூச்சு, ஆட்கள் மேல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று படிந்திருந்தது. ஒரு கேடயத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நீ நின்ற நிலையைப் பார்த்து என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஈரக் காத்துல அடிச்சா இப்படித்தான் சொரசொரன்னு பூக்கும்."

"யாரு கேட்டா?" என்றாய்.

"யாரும் கேக்கல. டப்பாவ வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சிட்டு அடிச்சிப் பாரு."

நீ அடித்துப் பார்த்தாய். அதுவும் சரிப்படவில்லை. டப்பா மூக்கில் கசிந்து உன் நெற்றியெல்லாம் சாம்பல் நிறம். கீழே இறங்கி வந்தபோது சாம்பல் புதன்கிழமைக்குக் கோயிலிலிருந்து வருகிறவன் மாதிரி இருந்தாய். உன் அம்மா சிரித்தாள். நீ சிரித்தாய். எனக்கும் அடக்க முடியவில்லை. தை பிறந்தால் வழி பிறக்குமோ என்னவோ, பிரைமராவது காயும், அதுவரை பொறு என்றேன். நீ பொறுத்தாய். தை வந்தது, காற்று உலர்ந்தது, ஆட்கள் மழமழவென்று வந்தார்கள். அதற்குள் உனக்கு வேலையும் கிடைத்திருந்தது, என் சிபாரிசு இல்லாமல்.

பிறகு எப்படி அந்த மண் ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது என்று ஞாபகம் இல்லை. நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடில் செய்கிற கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். முகம், துணி, கேடயம் எல்லாம் உனக்கு, காலடி மண் எனக்கு. பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து ஒரு பையில் மண் கொண்டுவந்து டீ வடிகட்டியில் சலித்தேன். உன் அம்மா வடிகட்டியைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டாள். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக வெட்டினேன். மண்ணுக்குச் செங்கல் நிறம் பூசி உன்னிடம் நீட்டினால், "அப்பா, பெர்ஷியாக்காரன் தாம்பரம் ஸ்டேஷன்ல எறங்கி நடந்து வந்த மாதிரி இருக்கு. அங்க மண்ணு வெளுத்த பழுப்பா இருக்கும்" என்றாய். "நம்ம மேசைல சண்ட போடறவன் நம்ம மண்ணுலதான் நிக்கணும்" என்றேன். நீ முறைத்தாய், ஆனால் மாற்றச் சொல்லவில்லை. கடைசிவரை உன் பாரசீகர்கள் செம்மண்ணில்தான் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பிட்டு, அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே செய்தித்தாளை விரித்து நாம் உட்கார்ந்த மத்தியானங்களில் நாம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நீ பெங்களூர் போன பிறகும் அது நிற்கவில்லை. சர்க்கரை டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன், நீ அங்கே வர்ணம் பூசுவாய், ஊருக்கு வரும்போது நீ கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு நான் இங்கே மண் ஒட்டுவேன். கால்சட்டைக் கோடு மஞ்சளா ஊதாவா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு அங்கே தூக்கம் வரவில்லை என்று சொன்னாய். அம்பறாத்தூணிக்கு என்ன நிறம் என்று கேட்டபோதுதான் உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாய். அதே தூணிக்கு இரண்டாவது பூச்சு கொடுக்கும்போது அவள் வேண்டாம் என்று போய்விட்டாள் என்றும் சொன்னாய். பெண்டாட்டி இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளட்டும். எனக்குச் சர்க்கரை ஏறியதையும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் உன் அம்மாவிடம் சொல்வதற்கு முன் உன்னிடம்தான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையில் ஒரு வில்லாளி இருந்தான், அவனைப் பார்த்துச் சொன்னேன்.

இப்போது அந்த வில்லாளியை மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உன் செய்தி வந்த மறுநாளிலிருந்து காலைக் காபி முடிந்ததும் இதே வேலை. பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊறிய பலகையிலிருந்து ஒவ்வொருவனாகப் பிளேடால் பெயர்க்கிறேன். கணுக்கால்கள் முருங்கைக் குச்சி மாதிரி முறிகின்றன. முறிந்த இடத்தில் குண்டூசியைச் சூடாக்கிச் செருகி நிறுத்துகிறேன். புதுப் பலகைக்காகப் பம்மலில் ஒரு சின்ன மரப் பட்டறைக்குப் போனேன். அளவு சொன்னதும் பட்டறைக்காரர், "கொலுவுக்கா சார்? கொலு முடிஞ்சி எத்தினி நாளாவுது" என்றார். பாரசீகத்துக்கு என்று சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. ஆமாம், அடுத்த வருஷத்துக்கு என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். திரும்பி வரும்போது ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நகரவே இல்லை. மடியில் பலகைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். களைத்துப் போயிருக்கிறேன், தம்பி. உடம்புக் களைப்பு மட்டும் என்றால் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போயிருக்கும்.

இந்தமுறை மண்ணுக்கு வெளுத்த பழுப்புதான் பூசியிருக்கிறேன், நீ அன்றைக்குச் சொன்ன நிறம். உன் அம்மா காய்கறிக் கூடையோடு வந்து மேசையைப் பார்த்தாள்.

"ஏன் கலர மாத்திட்டீங்க?"

"வாங்கறவருக்குப் பெர்ஷியா மாதிரி இருக்கணும்ல."

அவள் கூடையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒருவனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத அனுப்பிட்டு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

நான் அடுத்த பலகையை எடுத்துப் பழுப்பு பூச ஆரம்பித்தேன்.

"அங்க குளிரு, இங்க புழுக்கம். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். அப்புறம் 'அம்மாகிட்ட குடுக்கிறேன்'னு என்கிட்ட நீட்டிருவீங்க."

"அவன் வாழ்க்கைய அவன் பாக்கணும்ல."

"யாரு வேணாம்னா? இதத்தான் அவன்கிட்ட சொல்லுங்கன்றேன். பொம்மைகிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்காதீங்க."

அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ தூரம் போவது பற்றி இல்லை. பெங்களூரும் எனக்குத் தூரம்தான். நமக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். எத்தனையோ அப்பன் மகன்கள் அப்படி இருக்கிறார்கள். என் அப்பாவும் நானும் அப்படித்தான் இருந்தோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன், "காத்து வருதா" என்பதைத் தவிர நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் "வருது" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இப்படி ஒரு மேசை இருந்ததில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேடயக்காரர்களைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியதைச் சொல்கிறேன். முன்வரிசைக்காரனுக்குக் கேடயமும் எதிரியும் மட்டும்தான் தெரியும். பின்னால் தன் ஆட்கள் இருக்கிறார்களா, பசியாக இருக்கிறார்களா, பயந்து ஓடிவிட்டார்களா, அவனுக்குத் தெரியாது. குடும்பத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் நின்றேன். வேலை, ஷிஃப்ட், வீட்டுக் கடன் என்று முன்னால் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் முதுகுக்குப் பின்னால் வளர்ந்துவிட்டாய். அங்கே போய் நீயும் கேடயம் பிடிப்பாய், பிடிக்காமல் முடியாது. நடுநடுவில் திரும்பிப் பார். அப்புறம், ஈரத்தில் வர்ணம் அடிக்காதே. கோபத்திலும் அவசரத்திலும் எடுக்கும் முடிவும் அப்படித்தான், அடித்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், காய்ந்த பிறகுதான் பூக்கும். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான் ஈரத்தில் அடித்தது, சொல்லாமல் விட்டது நீ அடித்தது. சுரண்டி எடுக்க நமக்கு ஒரு வருஷம் ஆனது. வெந்நீரில் குளி. அரிசி கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல், கிடைத்தது என்று பொய் சொல்லாதே, அவள் கண்டுபிடித்துவிட்டு என்னைத்தான் திட்டுவாள்.

படையை விற்றுவிடு. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனாலும் விற்றுவிடு. ஊர்விட்டு ஊர் போகிறவன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நீ வருவதற்குள் எல்லாரும் மறுபடி நின்றுவிடுவார்கள். இரண்டு பேருக்கு முறிந்த ஈட்டிக்குப் பதிலாக வேறு செய்து வைத்திருக்கிறேன், ஒருவன் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறான், அவனை நடுவில் வைத்தால் தெரியாது. ஜனவரி பிறந்ததும் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளோடு குடிலைக் கலைத்துவிடுவோம். நீ அதற்குப் பிறகுதான் வருகிறாய்.

ஆனால் நான் அவர்களைப் பெட்டியில் அடுக்கப் போவதில்லை. மேசையில்தான் இருப்பார்கள். நீ ஒருமுறை, "நீங்களும் ஒரு கை ஆடுங்களேன்பா" என்று கேட்டாய். எனக்கெதுக்கு, நீங்க ஆடுங்க என்றேன். வேலை இருந்ததால் அப்படிச் சொல்லவில்லை. அந்த விதிப் புத்தகம் மொத்தமும் ஆங்கிலம், எனக்குப் புரியாமல் போய், உன் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார நேருமே என்று கூச்சம். இத்தனை வருஷம் அவர்கள் காலடி மண்ணை ஒட்டியிருக்கிறேன், அவர்கள் எப்படி நடப்பார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த மேடவாக்கத்து நண்பனிடமிருந்து எதிரிப் படை ஒன்றை இரவல் வாங்கி வா. பெங்களூர்க்காரருக்குக் கொடுப்பதற்கு முன், கிளம்புவதற்கு முன், எனக்கு ஒரு தரம் சொல்லிக் கொடு. ஒரு சண்டைக்கு ஒரு மத்தியானம் பிடிக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு அதைவிட அதிகம் பிடிக்கும். பகடையில் என்ன விழுந்தது என்று பார்க்கவே கண்ணாடியைத் தேட வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று இரண்டு தரம் கேட்பேன். நடுவில் அம்மா காபி கொண்டுவருவாள். ஆட்டத்தில் பாரசீகர்களை நான் வைத்துக்கொள்கிறேன். எப்படியும் நீதான் ஜெயிப்பாய், அது எனக்குத் தெரியும். அவசரப்படுத்தாதே, தம்பி. நான் மெதுவாகத் தோற்கிறேன்.

அப்பா